நார்மல் என்று வந்த ஸ்கேன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மெஷினைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் வேலை கற்றுக்கொண்ட மெஷினை இன்று நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். இப்போது வந்திருப்பதை உங்கள் அளவுக்கு எனக்கு இயக்கவும் தெரியாது. ஆனால் மெஷின் இருக்கும் அறைக்கு வெளியே, நாற்காலிகள் போட்ட அந்தக் கூடத்தில் என்னென்ன நடக்கும் என்பதை யாரும் பாடத்தில் வைப்பதில்லை. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

ஓசூர் ஸ்கேன் சென்டரில் நமக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் முதுகும் முழங்காலும்தான். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முழுக்க நின்று தேய்ந்த முதுகு, நெடுஞ்சாலையில் பைக்கோடு சரிந்த முழங்கால். குழந்தைகள் குறைவு. அதனால் பெங்களூரிலிருந்து ஒரு நரம்பியல் டாக்டர் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின் சும்மாதானே இருக்கிறது, குழந்தைகளின் வலிப்பு பற்றிய ஓர் ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று கேட்டபோது, எனக்கு ஆர்வத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது.

வலிப்பு என்றதும் கை கால் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளக் கீழே விழுவதைத்தான் நாம் நினைக்கிறோம். அவர் சொன்னது வேறு வகை. குழந்தை பேசிக்கொண்டே இருக்கும். திடீரென நின்றுவிடும். பார்வை எங்கோ நிலைக்கும், இமை லேசாகத் துடிக்கும். கூப்பிட்டால் கேட்காது, தொட்டால் தெரியாது. சில நொடிகள்தான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து பேசும். ஒரு நாளைக்குப் பல தடவை இப்படி வரும். வந்துபோனது அந்தக் குழந்தைக்கே தெரியாது. அந்த நொடிகளில் மூளைக்குள் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக, தலையில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் தொப்பியை மாட்டி, அதோடே ஸ்கேனுக்குள் படுக்க வைப்பது அவர்கள் திட்டம்.

"மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, நல்லானப்புறம் ஒரு தடவை," என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர். கன்னடம் தாய்மொழி, தமிழை ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசியே கற்றவர். "ஆனா மேடம், ஸ்டடிக்காக மாத்திரையை ஒரு நாள்கூடத் தள்ளிப் போட மாட்டேன். ஞாயிறு ஸ்கேன் நடந்தாலும் நடக்கலைன்னாலும் திங்கள் மாத்திரை."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போனது. சரி என்றேன்.

நான் சொல்லவந்த ஞாயிறன்று வந்தவள் பவித்ரா. மூன்றாம் வகுப்பு. மஞ்சள் சுடிதார், இரட்டைச் சடை, வாய் ஓயாத பேச்சு. அப்பா செல்வராஜ் ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்ப்பவர். அம்மா முத்துலட்சுமி. இரண்டு பேருக்கும் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமான கையோடு ஓசூர் வந்துவிட்டவர்கள். இத்தனை வருஷமாகியும் அவர்கள் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது.

செல்வராஜ் வந்ததும் என்னிடம் சொன்ன முதல் விஷயம் இதுதான்: "மேடம், இவளுக்கு வியாதி கியாதி ஒண்ணும் கெடையாது. ஸ்கூல்ல டீச்சர் கூப்பிட்டா பேசாம நிக்கா. வீட்ல நான் கூப்பிட்டாலும் அப்படித்தான். அடிச்சா உடனே முழிச்சுப் பாக்கா. அப்ப காது கேக்குதுன்னுதானே அர்த்தம்? ஒங்க மெஷின்ல ஒரு தடவை பாத்துருவோம். மெஷின் பொய் சொல்லாதுல்லா."

முத்துலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் டாக்டரிடம் மகளைக் கூட்டிப்போனவர் அவர்தான். அங்கே டாக்டர் குழந்தையை மூச்சை நன்றாக இழுத்து ஊதச் சொல்லி, அவள் அப்படியே உறைந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் நம் நரம்பியல் டாக்டரிடம் அனுப்பியிருந்தார். செல்வராஜ் அன்றைக்கு ஷிப்டில் இருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

முதலில் தொப்பி இல்லாமல் வழக்கமான படங்கள். பவித்ரா சமர்த்தாகப் படுத்திருந்தாள். படங்களில் ஒன்றும் இல்லை. இருக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த வகை வலிப்பில் மூளையின் அமைப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

குழந்தையை வெளியே அழைத்துவந்து, பக்கத்து அறையில் தொப்பி மாட்டத் தொடங்கினோம். அப்போதுதான் எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த ரம்யா தண்ணீர் எடுக்கக் கூடத்துக்குப் போனாள். ரம்யா கிருஷ்ணகிரிப் பெண். இன்று உங்களுக்கெல்லாம் டியூட்டி போடுகிறாளே, அவளேதான். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அங்கே செல்வராஜ் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு மனசு தாங்கவில்லை. "பயப்படாதீங்க சார், ஸ்கேன் எல்லாம் நார்மலா இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நல்ல மனசோடு சொன்னதுதான். கொஞ்ச நேரத்தில் கதவு படீரென்று திறந்தது.

"நார்மலாம்லா! நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?" மகளின் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்துத்தான் செல்வராஜ் கத்தினார். பிறகு மகளிடம் திரும்பினார். "எத்தன நாளா நடிக்க நீ? ஒன்னால நான் லீவு போட்டு, ஒங்கம்மா அழுது, ஊரெல்லாம் சொல்லி... எந்திரிட்டி. போவோம்."

பவித்ரா பாதித் தொப்பியோடு, தலையெல்லாம் ஜெல் வழிய, உதடு துடிக்க உட்கார்ந்திருந்தாள். ரம்யாவின் முகம் வெளுத்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். 'நார்மல்' என்று நாம் சொல்லும்போது கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்று அர்த்தம். கேட்பவர் காதில் அது 'ஒன்றுமே இல்லை' என்று விழுகிறது. முதுகு வலிக்கு வந்தவரிடம் சொன்னால் வீட்டில் அவரைச் சோம்பேறி என்பார்கள். இந்தக் குழந்தைக்கு அது 'நடிப்பு' என்று ஆகிவிட்டது. அந்த வார்த்தையை யார் சொல்ல வேண்டும், அதற்கு அடுத்த வார்த்தையாக எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்ல ஆசையாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள், ஃபேனைப் போடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஸ்கேன் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். கையை நீட்டி மறிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "ஸ்டடி வேண்டாம்னா தொப்பியைக் கழட்டிடலாம் சார். அது உங்க இஷ்டம். ஆனா மாத்திரை வேணும்."

"நார்மல்னு நீங்களே சொல்லிட்டு மாத்திரை எதுக்குங்க? நல்லா இருக்கற பிள்ளைக்கு மாத்திரையா? எங்க கம்பெனில ஒரு பீஸை கேஜ் வெச்சுப் பாத்து ஓகேன்னா ஓகேதான். அதை எடுத்து யாரும் ரிப்பேர் பண்ண மாட்டான்."

டாக்டர் விளக்கத் தொடங்கினார். மூளையின் அமைப்பு, மின்சாரம், அலை. அவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் செல்வராஜ் கேட்கும் நிலையில் இல்லை. கிளம்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. கிளம்பினால் திங்கட்கிழமை மாத்திரை கிடையாது. அதற்குமேல் அந்தக் குழந்தை உறைந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் அடி விழும். இந்த முறை ஸ்கேனே சாட்சி சொல்லிவிட்டதே!

அப்போது முத்துலட்சுமி வாயைத் திறந்தார். குரல் மிக மெதுவாக வந்தது.

"போன வாரம் சர்வீஸ் ரோட்டுல நின்னுட்டா."

"யாரு?"

"பவிதான். ஸ்கூல் விட்டு வரையில ரோட்டைத் தாண்டுனோம். கையை உதறிட்டு முன்னால ஓடுனா. நடு ரோட்டுல அப்படியே நின்னுட்டா. லாரிக்காரன் பிரேக்கு போட்ட சத்தத்துல கடைக்காரவங்கள்லாம் வெளிய வந்துட்டாங்க. அவளுக்கு அந்தச் சத்தமே கேக்கல. லாரி மூஞ்சிக்கு முன்னால நிக்கு, இவ சும்மா பாத்துட்டு நிக்கா. நடிக்கற பிள்ளை லாரிக்கு முன்னால நடிக்குமா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ரோட்டுல வெளாடுனான்னு அதுக்கும் அடிப்பீங்க."

செல்வராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நம்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. கிளம்பும் வேகம் மட்டும் நின்றது. அதுவே எனக்குப் போதும். "எப்படியும் தொப்பியை மெதுவாத்தான் எடுக்கணும் சார், முடி சிக்கிக்கும். அதுவரைக்கும் பக்கத்துல உக்காருங்க, அழாம இருப்பா" என்றேன். அது பொய்யில்லை. அவர் உட்கார்ந்தார்.

தொப்பியின் கம்பிகள் இன்னும் லேப்டாப்பில்தான் இருந்தன. திரையில் அலைகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பவித்ராவின் முகத்தைத் துடைத்து, அவளுக்குப் பிடித்ததைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் தெருவில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அழுகை அடங்கி, கதை ஆரம்பமானது.

"மொத்தம் அஞ்சு குட்டி ஆன்ட்டி. ஒண்ணு மட்டும் கறுப்பு. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி தெலுங்குல பேசுனா அது ஓடி வருது, தமிழ்ல பேசுனா வராது. நேத்து நான் பிஸ்கட் எடுத்துட்டுப் போனேனா, அப்போ அந்தக் கறுப்பு..."

நின்றுவிட்டாள். இமை துடித்தது. திரையில் அதுவரை சிற்றலையாக ஓடிய கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் மலை மலையாக எழும்பின.

டாக்டர் செல்வராஜைப் பார்த்து, "கூப்பிடுங்க" என்றார்.

"பவி." பதில் இல்லை. "பவி, ஏட்டி பவி! அப்பாவைப் பாரு!" அவர் எழுந்து அவள் முகத்துக்கு நேரே குனிந்து கூப்பிட்டார். அவள் கண்கள் அவரைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. செல்வராஜ் மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். மலைகள் எழுந்த மாதிரியே சட்டென்று அடங்கின.

"...குட்டி வந்து என் சுடிதாரைப் பிடிச்சு இழுத்துச்சு," என்று முடித்தாள் பவித்ரா. பிறகுதான் மூக்குக்கு நேரே அப்பாவின் முகத்தைக் கண்டு திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள். "என்னப்பா?"

"நான் கூப்பிட்டது கேக்கலயா பவி?"

"எப்போ கூப்பிட்டீங்க?"

அவர் நிமிர்ந்து நின்று அவளையே பார்த்தார். அப்பா மறுபடி கோபமாகிவிட்டாரோ என்று குழந்தைக்குப் பயம். என் பக்கம் திரும்பி, புகார் சொல்வதுபோலச் சொன்னாள்: "இப்டித்தான் ஆன்ட்டி. நான் சும்மாதான் இருப்பேன். திடீர் திடீர்னு எல்லாருக்கும் கோவம் வந்துரும். மிஸ்ஸு அடிப்பாங்க, அப்பா அடிப்பாங்க. எதுக்குன்னே தெரியாது."

செல்வராஜ் அறையைவிட்டு வெளியே போய்விட்டார்.

நாங்கள் யாரும் பின்னால் போகவில்லை. முத்துலட்சுமிதான் போனார். செல்வராஜ் திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. நேராக டாக்டரிடம் வந்தார். "நின்ன வண்டியத்தான் மொதல்ல படம் எடுத்தீங்க, இல்லையா? ஓடும்போதுதான் ஒதறல் தெரியும்."

"அதேதான் சார்," என்றார் டாக்டர். "இத்தனை நேரம் நான் சொல்ல ட்ரை பண்ணது அதுதான்."

"அப்ப எல்லாத்தையும் எடுங்க. உள்ள போட்டு எடுங்க. இன்னைக்கே எடுங்க."

இதையும் கவனியுங்கள். நம்பாத பெற்றோரைவிடச் சில நேரம், அப்போதுதான் நம்பத் தொடங்கிய பெற்றோரிடம் நாம் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர்கள் எதற்கும் சரி என்பார்கள். குழந்தை அழுது களைத்திருந்தாள். டாக்டரோடு பெங்களூரிலிருந்து வந்திருந்த குழுவுக்கோ அன்று காலை வந்த வேறொரு குழந்தையின் படங்கள் அசைவினால் வீணாகியிருந்தன. எல்லோர் கண்ணும் பவித்ரா மேல். டாக்டர் என்னைத்தான் பார்த்தார். நான் பவித்ராவிடம் கேட்டேன்.

"மறுபடி அந்த ரூமுக்குள்ள போலாமா? வேணாம்னா வேணாம். யாரும் திட்ட மாட்டாங்க."

யோசித்தாள். "அப்பா கூட வந்தா போறேன்."

அறையே மலர்ந்துவிட்டது. செல்வராஜ் ஏற்கெனவே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாவி, செல்போன், மோதிரம், அரைஞாண் எல்லாம் தட்டில் விழுந்தன. நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். உடம்பில் பிளேட், ஸ்க்ரூ? இல்லை. ஆபரேஷன்? இல்லை. தரப் பரிசோதனைக்கு வருவதற்கு முன்னால் என்ன வேலை?

"கிரைண்டிங் செக்‌ஷன்."

"கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் பட்டிருக்கா?"

"ஒரு தடவ. எடுத்துட்டாங்க. அதாச்சு ரொம்ப வருஷம்."

"முழுசா எடுத்துட்டாங்களா?"

"எடுத்தாச்சுன்னுதான் சொன்னாங்க."

பேனாவைக் கீழே வைத்தேன். நம் மெஷினே ஒரு பெரிய காந்தம்; அதற்கு முன்னால் 'சொன்னாங்க' என்பது போதாது. கண்ணுக்குள் ஒரு துகள் மிச்சமிருந்து அது அசைந்தால் பார்வையே போகலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் எக்ஸ்ரே கிடையாது.

குழுவில் இருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "மேடம், துகள் இருந்தா இத்தன வருஷத்துல அவருக்கே தெரிஞ்சிருக்காதா?" தெரியாமலும் இருக்கலாம். அவருக்கும் அது தெரியும். கேட்க வைத்தது அவசரம். நானும் ஒரு கணம் தயங்கினேன் என்பதை ஒளிக்க மாட்டேன். கதவைச் சாத்தினால் இவர் மறுபடி பழைய மனிதராகிவிடுவாரோ என்று பயந்தேன். ஆனாலும், "சார், உங்களை உள்ள விட முடியாது" என்று நேராகவே சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். தட்டிலிருந்த மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டே சொன்னார்: "கண்ணு போனா என் வேலையும் போயிரும் மேடம். நல்ல வேளை கேட்டீங்க."

ஓசூரில் வேலை பார்க்கப்போகும் நீங்கள் இந்தக் கேள்வியை ஒருநாளும் விடாதீர்கள். இப்போது என்ன வேலை என்று மட்டும் கேட்காதீர்கள். இதற்கு முன்னால் என்ன வேலை என்று கேளுங்கள். இந்த ஊரில் இன்று சட்டை கசங்காமல் வரும் பாதிப்பேர் ஒரு காலத்தில் தீப்பொறிக்கு நடுவே நின்றவர்கள்.

பிறகு வழி ஒன்று கிடைத்தது. தலையைச் சுற்றி மாட்டும் கூட்டின் மேல் பொருத்தும் சின்னக் கண்ணாடியைச் சரித்து வைத்தால், படுத்திருப்பவருக்குத் தன் கால்மாட்டுக்கு அப்பால், நாம் உட்கார்ந்து மெஷினை இயக்கும் அறையின் ஜன்னல் தெரியும். செல்வராஜை அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினோம். அம்மா அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி, நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய் மகளின் கால் மேல் கை வைத்து உட்கார்ந்தார். கஷ்டமாக இருந்தால் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கையில் தருவோமே, அதை அன்று நான் நம்பவில்லை. நினைவு தப்பும் நொடியில் அந்தக் குழந்தையால் அதை அமுக்க முடியாது. அதனால் திரையில் ஒரு கண்ணும் அவள் மேல் ஒரு கண்ணுமாகத்தான் இருந்தேன்.

மெஷின் இரைந்தது. செல்வராஜ் கண்ணாடியில் தன்னைத் தேடும் அந்தக் குட்டிக் கண்களைப் பார்த்துக் கையசைத்தார். அவள் அசையக்கூடாது என்று சொல்லியிருந்ததால் பதிலுக்குக் கையசைக்கவில்லை, கண்ணை மட்டும் சிமிட்டினாள். அலைகள் மலையாக எழுந்து அடங்குவது சில தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் செல்வராஜுக்குத் திரையைப் பார்க்காமலேயே தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தே, "இப்ப இல்ல" என்று முணுமுணுப்பார். கொஞ்சம் கழித்து, "வந்துட்டா" என்பார். முடியும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ரம்யா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்காரவில்லை.

திங்கட்கிழமை மாத்திரை தொடங்கியது.

சில வாரம் கழித்து டாக்டர் அந்தப் படங்களை எங்களுக்குக் காட்டினார். மூளையின் ஆழத்தில் தாலமஸ் என்ற ஒரு பகுதி அந்த நொடிகளில் கூடுதலாக விழித்துக்கொள்கிறது. அதே நேரம், நாம் நாமாக விழிப்போடு இருக்கத் துணை செய்யும் மேல்பகுதிகள் சில அடங்கிப்போகின்றன. ஒரு குழந்தையின் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஆராய்ச்சி என்று அவர் எச்சரித்தார். எனக்கு ஆராய்ச்சி தெரியாது. அடங்கிப்போன அந்த மேல்பகுதிகளில் ஒரு நீல நிறம் பரவியிருந்ததைப் பார்த்ததும், அப்பா கூப்பிட்ட குரல் போய்ச் சேராத இடம் இதுதானோ என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஸ்கேனுக்கு அவர்கள் வந்தபோது பவித்ரா ஒரு வகுப்பு தாண்டியிருந்தாள். உறைந்து நிற்பது முழுசாக நின்றுவிட்டிருந்தது. தொப்பி மாட்டியபோதும் மலைகள் எழவில்லை. "ஸ்கூல்ல போய் நானே டீச்சர்கிட்டப் பேசுனேன் மேடம்," என்றார் செல்வராஜ். "இவகிட்டயும் மன்னிப்புக் கேட்டேன். எதுக்குன்னு கேட்டா. அடிச்சதுக்குன்னு சொன்னேன். எந்த அடிக்குன்னு கேட்டா." சிரிக்க முயன்றார், முடியவில்லை.

ஸ்கேன் முடிந்து, தலையைத் துவட்டிவிட்டு, பவித்ரா கூடத்து டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். செல்வராஜ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

"பவி, கெளம்பு."

அவள் திரும்பவில்லை.

"பவி?"

அசைவில்லை. அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிவதை நான் பார்த்தேன். ஒரு செருப்போடு கூடத்தைக் கடந்து ஓடி, அவள் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்த முகத்தை ஏந்திக் கண்ணுக்குள் பார்த்தார்.

"மறைக்காதீங்கப்பா," என்று அவர் தலையை ஒரு பக்கமாகத் தள்ளினாள் பவித்ரா. "கூப்பிட்டது கேட்டுச்சு. இது முடிஞ்சதும் வர்றேன்."

செல்வராஜ் தரையிலேயே, அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அது முடியும்வரை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.